வேறு யார் கையும் படாமல்

ஜூன் 3, செவ்வாய்

காலை பத்தரைக்குக் காங்கேயத்திலிருந்து மினி லாரியில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. 1974 மாடல். மாமனார் ஓட்டியது. அவர் போன பிறகு என் மச்சினன் குழந்தைசாமியின் தேங்காய்க் களத்தில் பதினெட்டு வருடம் கிடந்தது. இத்தனை காலம் கழித்து இப்போது எதற்கு எனக்கு அனுப்பினான் என்று போனில் கேட்டேன்.

"நீங்கதான மச்சான் என்ஜின் புரொபசரு. உங்ககிட்ட இருந்தாத்தான் அதுக்கு மருவாதைங்க" என்றான். நியாயமான பேச்சுதான்.

சீட்டின் மேல் கோழி எச்சம். டேங்கில் ஓட்டை. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதினோரு மணிக்கு மரகதம் காபி கொண்டுவந்தாள். வாங்கும்போது கொஞ்சம் சட்டையில் சிந்தியது. டம்ளரை விளிம்பு வரை ஊற்றுவது அவள் பழக்கம், முப்பத்தாறு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"ஏனுங்க, அந்த வலது கை ஆடறத நரம்பு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிப்போடலாமுங்க" என்றாள். இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை. மாதம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராஜ்தூத்தைக் காட்டிச் சொன்னேன்: "இந்த என்ஜினை நானே பிரித்து, நானே மாட்டி, ஓடவிட்டுக் காட்டுகிறேன். வேறு யார் கையும் படாமல். ஓடிவிட்டால் நீ ஆயுசுக்கும் டாக்டர் பேச்சை எடுக்கக் கூடாது."

"ஓடலீன்னாங்க?"

"நீ சொல்கிற டாக்டரிடம் வருகிறேன்."

"சரிங்க" என்று உடனே சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த வேலைக்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். மாணவர்கள் எழுதும் ரெக்கார்டு நோட்டு மாதிரி, செய்த வேலையும் கண்ட விவரமும் மட்டும். சொந்தக் கதை எதுவும் இருக்காது.

ஜூன் 4, புதன்

ஸ்பேனர் செட், மூக்குப் பிளையர், சுத்தியல், மண்ணெண்ணெய், பழைய வேட்டி இரண்டு. எல்லாம் தயார்.

முப்பத்தொரு வருடம் உள்ளெரி என்ஜின் பாடம் நடத்தியவன் ஒரு என்ஜினைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்று என் பிரிவு உபசார விழாவில் பின்வரிசையில் சிரித்தார்களாம். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது குறுக்கே வெட்டிய மாதிரி என்ஜின். ஏற்கெனவே வெட்டித் திறந்து வைத்ததை நான் எதற்காக மறுபடி திறக்க வேண்டும்?

ஜூன் 6, வெள்ளி

போர்டிகோவில் பாய் விரித்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்ததில் பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றினேன், சிலிண்டரை உருவினேன். உள்ளே பிஸ்டன் தலையில் கரி, ஒரு செத்த கரப்பான்.

கழற்றிய நட்டு போல்ட்டுகளை அதது வரிசைப்படி போட மரகதத்தின் கடுகு டப்பாக்களைக் கேட்டேன். கொடுத்தாள். மூன்று முறை டப்பா கவிழ்ந்தது. பாய் சமமாக இல்லை.

மதியம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "அந்த நீட்டு போல்ட்டு ஹெட்டோடதுங்க, கார்புரேட்டர் டப்பாவுல போட்டுட்டீங்க" என்றாள்.

உண்மைதான். அவள் படித்தது தமிழ் பி.ஏ. ஆனால் என் பாடக் குறிப்புகளை முப்பத்தொரு வருடமும் சுத்தப் பிரதி எடுத்தவள் அவள். நான் கிறுக்கித் தருவேன். அவள் படமெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டு, முத்து முத்தாக எழுதிக் கொடுப்பாள். வகுப்பில் நான் வாசித்தது அவள் கையெழுத்தை. அதனால் சில பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். புரிந்துகொள்வது வேறு விஷயம்.

ஜூன் 9, திங்கள்

கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஸ்டீபனிடம் சிலிண்டரைக் கொண்டுபோனேன். துருவைக் கடைந்து எடுத்து, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போட வேண்டும். இது பட்டறையில்தான் நடக்கும், பந்தயத்தில் சேராது. மரகதத்திடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

பழைய பிஸ்டனின் குறுக்களவை நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று மைக்ரோமீட்டரை வாங்கினேன். ஒரு நிமிடம் பிடித்திருப்பேன். ஸ்டீபன் என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தானே அளந்து, சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார்.

"உக்காருங்க சார். டீ சொல்றேன். அரை கிளாஸ் போதுமுங்களா?" என்றார்.

பெரியவர்களிடம் பொறுமை காட்டுகிறவர்களே இல்லை இந்தக் காலத்தில். அரை கிளாஸ் டீ என்பதும் எனக்குப் புது வழக்கமாக இருக்கிறது. ஆனால் டீ சிந்தவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை. சிலிண்டர் வரவில்லை. டேங்கின் ஓட்டையைப் பசை வைத்து அடைத்தேன். கார்புரேட்டரைக் கழுவினேன். அதன் ஊசி ஒன்று சாக்கடைக்குள் போய்விட்டது. மரகதம் துடைப்பக் குச்சியால் எடுத்துக் கொடுத்தாள். சாக்கடையிலிருந்து எடுப்பது என்ஜின் வேலையில் சேராது.

ஜூன் 24, செவ்வாய்

சிலிண்டர் வந்துவிட்டது. புது பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்குகளும் வந்தன. முக்கியமான கட்டம்.

பிஸ்டனை இணைப்புத் தண்டோடு சேர்ப்பது ஒரு பின். அந்தப் பின் நழுவி வெளியே வராமல் இரண்டு பக்கமும் தடுப்பது லாக் என்கிற சின்னக் கம்பி வளையம், சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. மூக்குப் பிளையரால் அதைச் சுருக்கிப் பிடித்து, உள்ளேயிருக்கும் காடி என்கிற மெல்லிய பள்ளத்தில் உட்காரவைக்க வேண்டும். ஐந்து நொடி வேலை என்று பாடக் குறிப்பில் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைக் கார்புரேட்டர் பக்கம் பார்க்க, விதிப்படி வைத்து, பின்னைச் செலுத்தினேன். இடப்பக்க லாக் நாற்பது நிமிடத்தில் உட்கார்ந்தது. வலப்பக்க லாக் முதல் முறை பறந்து துளசி மாடத்தில் விழுந்தது. இரண்டாவது முறை என் செருப்புக்குள். மூன்றாவது முறை எங்கே என்று தெரியாமல் பாயைச் சுருட்டி உதறியதில் கிடைத்தது. அதன் பிறகு நான் எண்ணவில்லை.

ஸ்பிரிங் எஃகின் தரம் கெட்டுவிட்டது. இது பற்றி யாருக்காவது எழுத வேண்டும்.

ஒரு கட்டத்தில் பிளையரைத் தூக்கி எறிந்துவிட்டேன். மரகதம் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள் போல. நான் திரும்பிப் பார்த்தபோது திரைச்சீலை மட்டும் அசைந்தது.

ஜூன் 25, புதன்

அமாவாசை. இன்று இரும்பைத் தொடுவதில்லை. இப்படி ஒரு வழக்கம் இதுவரை எனக்கு இருந்ததில்லை, இன்றிலிருந்து உண்டு.

ஜூன் 26, வியாழன்

ஓர் அரிய இயற்பியல் நிகழ்வைப் பதிவு செய்கிறேன்.

காலையில் லாக்கோடு இரண்டு மணி நேரம் போராடினேன். உட்காரவில்லை. அதைக் காடியின் வாயில் பாதி செருகிய நிலையில் விட்டுவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணிக்குப் படுத்தேன். நாலேகாலுக்கு எழுந்து போய்ப் பார்த்தால் லாக் கச்சிதமாகக் காடியில் உட்கார்ந்திருக்கிறது. விரலால் சுற்றிப் பார்த்தேன், அப்பழுக்கில்லை.

விளக்கம்: காலை வெயிலில் பிஸ்டனின் அலுமினியம் விரிவடைந்திருக்கும். மதியம் மேகம் போட்டது. அலுமினியமும் எஃகும் வெவ்வேறு அளவில் சுருங்கும். அந்த வேறுபாட்டில் லாக் தானாக உள்ளே நழுவியிருக்கிறது. பாடப் புத்தகங்களில் இது இல்லை.

இன்னொன்று. அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுதான் சரி. மாறிப் போனால் ரிங்கின் முனைகள் சிலிண்டரின் துவாரத்தில் மாட்டி உடையும் என்று ஒவ்வொரு வருடமும் வினாத்தாளில் கேட்டிருக்கிறேன். 24-ம் தேதிக் குறிப்பில் கார்புரேட்டர் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழையாக இருக்க வேண்டும்.

மரகதத்தின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. "அருவாமணை பட்டுடுச்சுங்க" என்றாள். விரல் நகத்தில் கறுப்பாகக் கிரீஸ் மாதிரி ஏதோ இருந்தது. வாழைப்பூ நறுக்கியிருப்பாள். சாப்பாட்டில் வாழைப்பூ இல்லை.

ஜூன் 28, சனி

பிஸ்டன் மேல் சிலிண்டரை இறக்கும் வேலை. இரண்டு ரிங்குகளையும் இரண்டு கை விரல்களால் சுற்றி அமுக்கிப் பிடித்தபடியே கனமான சிலிண்டரை மெல்ல இறக்க வேண்டும். இதற்கு ஒரு மனிதனுக்கு நாலு கை வேண்டும். இந்த உண்மையை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

மேல் ரிங் ஒன்று உடைந்தது. ஸ்டீபனுக்குப் போன் செய்தேன். கேள்வி ஒன்றும் கேட்காமல் மூன்று செட் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 30, திங்கள்

சிலிண்டர் இறங்கிவிட்டது.

போர்டிகோவில் வெளிச்சம் போதவில்லை என்று மரகதத்தை டார்ச் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் காட்டுவது தொடுவது ஆகாது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டோம். அவள் இடது கையில் டார்ச்சைப் பிடித்திருந்தாள். வலது கை எங்கே இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. நான் சிலிண்டரைத்தான் கவனித்தேன். ரிங்குகள் இரண்டும் சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளைகள் போல உள்ளே போயின.

"போயிடுச்சுங்க" என்றாள்.

"போய்விட்டது" என்றேன்.



ஜூலை 2, புதன்

ஓடியது!

பதினாலு முறை உதைத்தேன். பதினைந்தாவது உதையில் ஒரு முறை துப்பியது, பதினாறாவதில் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க நீலப் புகை. எதிர்வீட்டு நாய் ஓடிப்போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? கல்யாணமான புதிதில் மாமனார் இந்த வண்டியில் வந்து எங்கள் வாசலில் நிற்பார். அதே சத்தம்தான்.

என் கண்ணில் நீர் வந்தது. புகையால்தான்.

மரகதம் வாசற்படியில் நின்று பார்த்தாள். வண்டியை அணைத்ததும் சொன்னாள்: "ஓடிப்போச்சுங்க. நான் இனி டாக்டர் பேச்சே எடுக்க மாட்டனுங்க."

வெற்றி. இத்துடன் இந்த நாட்குறிப்பின் நோக்கம் நிறைவேறியது.

ஜூலை 4, வெள்ளி

நோக்கம் நிறைவேறிய பிறகும் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுமில்லை. பழகிவிட்டது.

காலையில் காபி சிந்தியது. மரகதம் பேசாமல் துடைத்தாள்.

ஜூலை 5, சனி

சட்டையின் மேல் பொத்தான் போட வரவில்லை. அவளே வந்து போட்டுவிட்டாள். முகத்தையும் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. முருங்கைக்காய் நார் விட்டுவிட்டது என்பது பற்றி மட்டும் பேசினாள்.

ஜூலை 6, ஞாயிறு

அவளுக்கு வாய்ப்பளித்துப் பார்த்தேன். சாம்பார்க் கரண்டியை வேண்டுமென்றே வலது கையால் எடுத்தேன். மேஜை விரிப்பெல்லாம் சாம்பார். "ஏனுங்க" என்று தொடங்கினாள். நான் நிமிர்ந்தேன்.

"அப்பளம் இன்னொன்னு வெக்கட்டுங்களா?" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்ணோடு வாழ்வது எத்தனை கடினம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் முப்பது முறை கேட்டவள், ஒரே ஒரு முறை வாக்குத் தவறினால் என்ன குடிமுழுகிப் போகும்? இன்னொரு முறை கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் சலித்துக்கொண்டே சரி என்றிருப்பேன். அப்படித்தான் இந்த வீட்டில் எல்லா நல்ல காரியமும் நடந்திருக்கிறது. வீடு கட்டியதுகூட அப்படித்தான்.

பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அடுக்களை வாசலில் போய் நின்றேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கேளேன்" என்றேன்.

"என்னத்தைங்க?"

"அதைத்தான். டாக்டர்."

"நாந்தான் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டனுங்களே."

"அப்படியென்றால் நான் கேட்கிறேன். போகலாமா?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோசை கருகவில்லை, ஆனால் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஜூலை 10, வியாழன்

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. நிதானமாகப் பேசுகிறார். நல்ல ஆசிரியை ஆகியிருப்பார்.

விரல்களைத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். நடக்கும்போது என் வலது கை வீசுவதே இல்லையாம். எனக்குத் தெரியாது, நான் என் பின்னால் நடந்து பார்த்ததில்லை.

"எப்ப இருந்து சார் இப்படி?"

"இரண்டு மாதமாக" என்றேன்.

டாக்டர் மரகதத்தைப் பார்த்தார். "போன வருஷம் ஆவணியிலிருந்துங்க டாக்டரு. ஒரு கல்யாண வூட்டுல மொய் கவர்ல பேர் எழுதறப்ப பேனாவ ரெண்டு தடவ கீழ போட்டுட்டாருங்க" என்றாள். பதினோரு மாதம். அவ்வளவு நாளும் அவளிடம் நான் மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறேன்.

"சமீபமா எழுதின கையெழுத்து ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மரகதம் கைப்பையைத் திறந்து இந்த நாட்குறிப்பை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாய் சமமாக இல்லை, எஃகு தரமில்லை, அலுமினியம் சுருங்கியது... எல்லாம் இதில்தானே இருக்கிறது. டாக்டர் ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து, ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து எழுத்தின் உயரத்தை அளந்தார். பிறகு கடைசிப் பக்கம். பிறகு ஒரு வரியின் தொடக்கமும் முடிவும்.

"பாத்தீங்களா சார்? முதல் பக்கத்துல அஞ்சு மில்லிமீட்டர். இங்க ரெண்டுகூட இல்லை. ஒவ்வொரு வரியிலயும் முடிவுக்கு வரவர எழுத்து சுருங்கிட்டே போகுது" என்றார். பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். தொடக்க நிலைதான், மாத்திரையும் பயிற்சியும் இருந்தால் பல வருடம் நன்றாக ஓட்டலாம் என்றார்.

ஒரு மாதமாக எத்தனை சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன்! நான் எழுதியது ஒன்று, எழுத்து சொன்னது வேறு.

ஆட்டோவில் வரும்போது, "நீ படித்தாயா?" என்று கேட்டேன்.

"பாத்தனுங்க. முப்பத்தொரு வருஷம் உங்க கிறுக்கலத்தான் படிச்சேன், எந்த எழுத்தும் தப்பலீங்க. இதுல பின்னாடி பக்கமெல்லாம் படிக்க முடியலீங்க. பொடிப்பொடியா எறும்பு மாதர இருந்துது" என்றாள்.

சிக்னலில் நின்றபோது தானாகவே சொன்னாள்: "வண்டிய அனுப்பச் சொன்னதே நாந்தானுங்க. நாஞ்சொன்னாக் கேக்க மாட்டீங்க. ஒரு நட்டப் புடிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சுபோகும்னு நெனச்சேன்."

"பிறகு ஏன் நீயே..."

"நீங்க தோக்கறதப் பாக்க முடியலீங்க."

பச்சை விளக்கு விழுந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வலது கையால்தான். ஆடினால் ஆடட்டும் என்று இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

தினமும் ஒரு பக்கம், கோடு போட்ட நோட்டில், எழுத்து இரண்டு கோட்டையும் தொடும்படி எழுத வேண்டும். டாக்டர் உத்தரவு. இனி இந்த நாட்குறிப்பும் ஒரு மாத்திரைதான். எழுத வேறு விஷயம் தோன்றாததால் இதை எழுதினேன்:

லாக்கை மாட்டியது மரகதம்.

அம்பைத் திருப்பியது மரகதம்.

ரிங்கை அமுக்கியது மரகதம்.

ஆகவே பந்தயத்தில் நான்தான் தோற்றேன்.

அவள் காபியோடு வந்தாள். அரை டம்ளர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கண்ணாடி போடாமலே, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"கடசி வார்த்த சிறுசாப் போயிடுச்சுங்க" என்றாள். "அது மட்டும் இன்னொருக்கா பெருசா எழுதிப்போடுங்க."

எழுதினேன். தோற்றேன்.